போடி மலையடிவாரத்துக்கு ஒரு டிராக்டர்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு



வழக்கம்போல நீண்ட பதிவுதான். என் வகுப்பில் 40 நிமிடம் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது ஒன்றும் பெரிதல்ல. அவசரக்காரர்கள் கடைசியில் இருக்கும் கணக்கை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் நடுவில் ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

போன மாதம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். 18 வருடம் கோவையில் மில் வேலை பார்த்துவிட்டு இப்போது போடிக்கே திரும்பிவிட்டான். முந்தல் பக்கம் மலையடிவாரத்தில் அவர்கள் குடும்பத்துக்கு 7 ஏக்கர் இருக்கிறது. கீழே 4 ஏக்கர் மா, அதை ஒட்டி ஒன்றரை ஏக்கர் தென்னை, மேலே சரிவில் ஒன்றரை ஏக்கர் இலவம். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. வாடகை டிராக்டர் சொன்ன நாளில் வருவதில்லை. வந்தாலும் மாங்கொப்புகளை ஒடித்துவிட்டுப் போகிறது.

"மாமா, சின்ன டிராக்டர் ஒண்ணு வாங்கப் போறேன். எத்தன எச்.பி. வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டு, போனில் நாலைந்து கம்பெனிப் படங்களைக் காட்டினான்.

"டேய், நான் சரித்திர வாத்தியார். என்கிட்ட வந்து கேக்குறியே?"

"கடைக்காரர் விலை சொல்றாரு மாமா. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அவங்கவங்க வண்டியப் புகழ்றாங்க. நீங்க அது எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. நான் முடிவு பண்ணிக்கிறேன்."

நல்ல மாணவனுக்குரிய பதில். அவனுக்காக ஒரு மாதம் படித்ததையும், விசாரித்ததையும், நிலத்தில் நடந்து அளந்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் இப்படி ஐந்து, ஆறு ஏக்கர் ஊரில் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

மலை வைத்த பரீட்சை

நம் ஊர் மலையில் எந்த இயந்திரமும் தன் இஷ்டத்துக்கு ஏறியதில்லை. முதலில் மலை ஒரு பரீட்சை வைக்கும்.

ஏலக்காய் மூட்டை ஒரு காலத்தில் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும்தான் இறங்கியது. தேயிலை வந்த பிறகு சுமை பெருகியது. 1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு ரயில் போட்டார்கள். ரயில் என்றால் எஞ்சின் கிடையாது. ஒற்றைத் தண்டவாளம், இழுத்தது மாடு. பாரம் முழுக்க அந்த ஒற்றைக் கம்பியின் மேல் ஓடும் சிறு சக்கரங்களில் இருக்கும். பக்கத்தில் சாலையில் ஒரு பெரிய சக்கரம் உருளும். பெட்டி சாயாமல் தாங்குவதுதான் அதன் வேலை. 1908-ல் அதை எடுத்துவிட்டு நீராவி எஞ்சின் ஓடும் சிறு ரயில் பாதை அமைத்தார்கள். 1924 வெள்ளம் அதையும் அடித்துக்கொண்டு போயிற்று.

டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டி அங்கிருந்து கீழே எப்படி வந்தது? கம்பி வழியாக. குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் வரை ரோப்வே கட்டித் தொங்கவிட்டு இறக்கினார்கள். அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி. போடிக்கு ரயில் 1928-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பெட்டிகள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் வரை போய்த்தான் ரயில் ஏற வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சுமை ஒன்றுதான், அதே தேயிலைப் பெட்டிதான். ஆனால் பள்ளத்தாக்கின் மட்டமான பாதையில் தண்டவாளம் போட்டார்கள். செங்குத்தில் கம்பியை நம்பினார்கள். சமவெளியில் வண்டி பூட்டினார்கள். "எங்களிடம் நல்ல மாடு இருக்கிறது, அதையே செங்குத்திலும் ஓட்டுவோம்" என்று யாரும் சொல்லவில்லை. நிலம் எங்கே மாறியதோ அங்கே இழுக்கும் சக்தியையும் மாற்றினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு மலைக்கு ஏறிய பெரிய சக்தி ஜீப். போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பை, போர் முடிந்த 1945-லேயே அமெரிக்காவில் விவசாயிகளுக்கென்று விற்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் கலப்பை மாட்டலாம், எஞ்சின் சுழற்சியை வெளியே எடுத்து மெஷின் ஓட்டலாம் என்பதுதான் அப்போதைய விளம்பரம். நம் நாட்டில் மஹிந்திரா 1947 முதல் அந்த வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்றது. இன்றைக்கும் விடிவதற்கு முன் போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போவது ஜீப்புதான். உங்களில் எத்தனை பேரின் அம்மாக்கள் அந்த ஜீப்பில் போய்வந்த கூலியில் உங்களுக்கு ஃபீஸ் கட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஜீப்பும் தோட்டத்துப் பாதை வரைக்கும்தான். ஏலச்செடிக்கு நடுவே எந்த வண்டியும் போவதில்லை. நிழல் மரம், ஈர மண், சரிவு. அங்கே மனிதக் காலும் கையும்தான். நம் மலை இன்றுவரை டிராக்டருக்கு இடம் கொடுத்தது அடிவாரம் வரைதான்.

விமானம் ஓட்டியவர் கண்டுபிடித்த கொக்கி

இனி டிராக்டர். எல்லோரும் எச்.பி. கேட்கிறார்கள். டிராக்டரின் கதையைப் படித்துப் பார்த்தால் திருப்பம் எஞ்சினில் இல்லை, பின்னால் கருவியை மாட்டும் இடத்தில் இருக்கிறது.

ஹாரி ஃபெர்குசன் அயர்லாந்துக்காரர், விவசாயி மகன். தானே கட்டிய விமானத்தில் 1909 டிசம்பர் 31 அன்று பறந்தவர். அயர்லாந்தில் முதலில் பறந்தவர் அவர்தான். முதல் உலகப் போரில் உணவுப் பஞ்சம் வந்தபோது, அயர்லாந்தில் டிராக்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்.

அன்றைய டிராக்டர் ஒரு இரும்பு மாடு. கலப்பையைச் சங்கிலியால் பின்னால் கட்டி இழுக்கும். கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? எஞ்சின் நிற்காது. பின் சக்கரத்தைச் சுற்றப் பார்க்கும். சக்கரம் சுற்ற முடியாவிட்டால், அச்சை நடுவில் வைத்து வண்டியின் உடம்பையே சுற்றும். முன்பக்கம் மேலே எழும். பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேல் விழும். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் மலிவானது, லட்சக்கணக்கில் விற்றது. இப்படிக் கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதற்கும் பேர் வாங்கியது.

ஃபெர்குசன் யோசித்தது வேறு வழி. கலப்பையும் டிராக்டரும் தனித்தனியாக இருப்பதுதான் கோளாறு. இரண்டும் ஒரே உடம்பாக வேண்டும். கீழே இரண்டு தண்டு, மேலே ஒரு தண்டு, மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிடித்தார். கீழ்த்தண்டுகள் இழுக்கும். மண் கலப்பையைத் தடுக்கும்போது மேல்தண்டு முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே முன்பக்கம் எழாமல் அமர்த்தும். தடை அதிகமானால் ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். 1926-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் மரக்கலப்பை எப்போதுமே அப்படித்தானே இருந்தது? ஏர்க்கால் நேராக நுகத்தடிக்குப் போகும். ஆழம் வேண்டுமென்றால் நுகத்தைக் கட்டும் இடத்தை மாற்றுவார்கள். வேர் தட்டினால் உழுபவனின் கை மேழியில் அதை உணரும், உடனே தூக்கும். மாடு, கலப்பை, மனிதக் கை மூன்றும் ஒரே உடம்பு. இரும்பு மாடு வந்தபோது அந்தக் கை காணாமல் போயிற்று. ஃபெர்குசன் அந்தக் கையைத் திருப்பிக் கொடுத்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

1938-ல் அவரும் ஹென்றி ஃபோர்டும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வெறும் கைகுலுக்கலில் கூட்டுச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் அந்த டிராக்டர் வந்தது. போர் முடிந்ததும் கூட்டு உடைந்தது, வழக்கு நடந்தது. 1952-ல் ஃபோர்டு கம்பெனி 92.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனது. பத்திரம் எழுதாமல் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் கவனிக்க. இதற்கிடையே 1946 முதல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஃபெர்குசன் டி.இ.20 உற்பத்தியானது. பத்து வருடத்தில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்தச் சின்ன ஃபெர்குசன் டிராக்டர்களில்தான்.

1953-ல் ஃபெர்குசன் கம்பெனி மாஸே ஹாரிஸுடன் இணைந்தது. அதுவே மாஸே ஃபெர்குசன். அவர்களின் தொழில்நுட்பக் கூட்டில் சென்னையில் 1960-ல் தொடங்கியதுதான் டாஃபே. அதனால் நம் ஊர் டிராக்டரின் பின்னால் தெரியும் அந்த மூன்று தண்டுகளுக்கும் அயர்லாந்து வரை சொந்தம் உண்டு. இன்று எந்தக் கம்பெனி வண்டி வாங்கினாலும் அந்த மூன்று புள்ளி உண்டு.

அந்தப் பையன்

இதையெல்லாம் நான் முன்பே படித்திருக்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் சொல்ல மாட்டேன். அவன் வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஓட்டப்பந்தயத்தில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. வரலாற்றில் 35-க்கு மேல் தாண்டியதில்லை. பள்ளியை விட்ட பிறகு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு வாடகைக்கு ஓட்டினான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவான்.

ஒரு நாள் சரிவில் வெட்டிக் கிடந்த இலவமரத்தை இழுக்கக் கூப்பிட்டார்கள். மரத்தில் சங்கிலி போட்டு, மறுமுனையை வண்டியின் பின்னால் மேலே இருந்த கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள். கீழே இழுவைக் கம்பி இருக்கிறது. ஆனால் மேலே மாட்டினால் மரத்தின் நுனி தூக்கிக்கொண்டு வரும், சுலபம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேட்டைப் பார்த்து வண்டி. மரம் ஒரு பாறையில் முட்டி நின்றது. அவன் ஆக்சிலேட்டரைக் கூட்டினான்.

பார்த்தவர்கள் சொன்னது இதுதான்: "குதிக்கக்கூட நேரமில்ல சார்." அவன் குதிக்கக்கூடியவன்தான். பள்ளியிலேயே வேகமான கால் அவனுடையது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், நீங்க படிச்சவுக. முன்னாடி போற வண்டி எப்புடி சார் பின்னாடி சாயும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பசுமைப் புரட்சி பாடத்தை வருடா வருடம் நடத்தியவன் நான். வீரிய விதை, உரம், பூச்சிமருந்து, டிராக்டர் என்று கரும்பலகையில் நான்கு வார்த்தை எழுதி, "ஐந்து மதிப்பெண் கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். நாலாவது வார்த்தைக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது.

இப்போது தெரியும். அவர்கள் சங்கிலி மாட்டியது அந்த மூன்றாவது புள்ளியில், மேல்தண்டு பொருத்தும் இடத்தில். வண்டி கவிழாமல் இருக்க ஒருவர் கண்டுபிடித்த அதே இடம். தண்டு பொருத்தினால் அது முன்னோக்கித் தள்ளிக் காக்கும். சங்கிலி மாட்டினால் பின்னோக்கி இழுத்துக் கவிழ்க்கும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்த அம்மா இப்போது இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். அச்சுக்கு மேலே எதையும் கட்டி இழுக்காதீர்கள். இழுப்பது எதுவாக இருந்தாலும் கீழே உள்ள இழுவைக் கம்பியில்தான்.

இன்னொன்றும் அப்போது இல்லை. ஓட்டுபவர் இருக்கைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த 'ப' போல ஒரு இரும்புச் சட்டம் நிற்குமே, ரோல் பார் என்பார்கள், அது அந்த வண்டியில் இல்லை. 1959-லேயே ஸ்வீடனில் புது டிராக்டர் எல்லாவற்றுக்கும் கவிழ்ந்தால் காக்கும் சட்டம் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். அதன்பின் அங்கே கவிழ்ந்து சாகிறவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நம் ஊரில் பல பேர் அது இருந்தாலும் கொப்பில் இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

சின்ன டிராக்டர் எங்கிருந்து வந்தது

சுதந்திர இந்தியா முதலில் கூப்பிட்டது பெரிய டிராக்டரை. அமெரிக்க ராணுவம் விட்டுப்போன வண்டிகளைக் கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு உருவானது. மத்திய இந்தியாவில் நாணல் வகைப் புல் மண்டிக் கிடந்த நிலத்தைத் திருத்துவது வேலை. 1949-ல் உலக வங்கி அதற்காக 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. அது அந்தப் பெரிய நிலத்துக்குச் சரி.

1959 ஏப்ரலில் ஃபரிதாபாத்தில் ஐஷர் கம்பெனி இந்தியாவிலேயே செய்த முதல் டிராக்டரை வெளியே விட்டது. 1965-ல் துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்தில் நம் பொறியாளர்கள் வெளிநாட்டு உதவி இல்லாமல் ஒரு சின்ன டிராக்டருக்கு வரைபடம் போட்டார்கள். 1974-ல் அது பஞ்சாபில் ஸ்வராஜ் 724 என்று வந்தது. மறுபக்கம் ஜப்பான்: அங்கே நம்மைப் போலச் சின்னச் சின்ன வயல், மலைச்சரிவில் படிப்படியாக நெல். 1960-ல் குபோட்டா 15 எச்.பி.யில் ஒரு டிராக்டர் செய்தது. நாம் இன்று மினி டிராக்டர் என்று சொல்வதில் பாதி அந்தப் பரம்பரைதான். பெங்களூரின் வி.எஸ்.டி. 1967-ல் மிட்சுபிஷியோடு சேர்ந்து பவர் டில்லர் கொண்டுவந்தது. 1973-ல் கேரளத்தில் ஆத்தாணியில் அரசு கம்பெனியான காம்கோ, குபோட்டாவோடு சேர்ந்து அதையே செய்தது.

ஏன் சின்னது வேண்டியிருந்தது? பாகம் பிரிந்துகொண்டே வந்தோம். 1970-71 விவசாயக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2.28 ஹெக்டேர். 2015-16-ல் 1.08. தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆனால் சந்தையில் அதிகம் விற்பது இன்றும் 40, 50 எச்.பி. வண்டிதான். காரணம், வாங்குபவர் அடுத்தவர் நிலத்துக்கு வாடகைக்கு ஓட்டிக் கடன் அடைக்க நினைக்கிறார். அது தப்பில்லை, ஒரு தொழில். ஆனால் சொந்த மாந்தோப்புக்கு வாங்குபவர் அதைப் பார்த்து வாங்கினால் கொப்பு ஒடியும், தவணையும் கழுத்தைப் பிடிக்கும்.

நோட்டில் எழுதிய கணக்கு

அக்கா மகனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "டிராக்டர் பேரை எழுதாதே. வேலையை எழுது" என்றேன். ஒரு வருடத்து வேலை இது:

1. மாவும் தென்னையும் சேர்த்து ஐந்தரை ஏக்கர். வருடத்துக்கு மூன்று உழவு. நாலடி ரோட்டவேட்டரில் ஏக்கருக்கு 2 மணி என்று வைத்தோம்: 33 மணி.
2. மாவுக்கு மருந்தடிப்பு, நான்கு தடவை, தடவைக்கு 4 மணி: 16 மணி.
3. தென்னை மட்டை அரைப்பது, மாதம் ஒரு மணி: 12 மணி.
4. எரு, மாங்காய், தேங்காய், விறகு ஏற்றி இறக்குவது, வருடத்துக்கு 60 நடை, நடைக்கு ஒரு மணி: 60 மணி.

மொத்தம் 121 மணி. அவனே கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "உழவு கால்வாசிதான் வருது மாமா. பாதி நேரம் டிரெய்லர்தான்!"

அதுதான் விஷயம். உழவை நினைத்து எச்.பி. தேடினான், அவனுக்கு வேண்டியது மேடு பள்ளத்தில் பாரத்தோடு நிதானமாக ஏறி இறங்கும் வண்டி. எஞ்சின் பலத்தைவிட பிரேக்கும் கியரும் முக்கியம். அதன்பின் தேர்வு தானாகவே குறுகியது:

- கருவி முதலில். நாலடி ரோட்டவேட்டர், ஐந்து கொத்துக் கலப்பை, மருந்தடிக்கும் கருவி, சின்ன டிரெய்லர். மட்டை அரைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இவற்றை ஓட்ட 22 முதல் 27 எச்.பி. போதும். 15 எச்.பி. வண்டி காய்கறிப் பாத்திக்கு அருமை. மேட்டில் டிரெய்லரோடு திணறும்.
- ரோட்டவேட்டர் பின் சக்கரங்களின் வெளி அகலத்தை மூட வேண்டும். இல்லாவிட்டால் உழுத மண்ணைச் சக்கரமே மிதித்துக்கொண்டு போகும்.
- நான்கு சக்கர இழுவை உள்ளது. ஏறுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான டிராக்டருக்கு முன் சக்கரத்தில் பிரேக் இல்லை. இறங்கும்போது நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்.
- வலது, இடது பிரேக் மிதிகளை இணைக்கும் கொண்டி. ரோட்டுக்கு வந்ததும் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் விழுந்தால் வண்டி சுழன்றுவிடும்.
- பிரேக் இல்லாத டிரெய்லரில் ஏற்றும் பாரம், டிரெய்லரோடு சேர்த்து, டிராக்டரின் எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறக்கத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ளும்.
- மடக்கி நிமிர்த்தும் ரோல் பார். மாங்கொப்புக்குக் கீழே மடக்கலாம். வெளியே வந்ததும் நிமிர்த்திவிட்டு சீட் பெல்ட் போட வேண்டும். ரோல் பார் நிமிர்ந்திருக்கும்போதுதான் பெல்ட். இரண்டும் சேர்ந்தால்தான் உயிர்.
- பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 9. வேட்டி நுனியோ துண்டோ பட்டால் கையை எடுக்க நேரமிருக்காது. மூடி உடைந்தால் அன்றைக்கே மாற்று. தோப்பில் வேலை என்றால் கால்சட்டை.

அரசு உதவி பற்றிக் கேட்டவர்களுக்கு: வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர்களுக்கு 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம், உச்சவரம்பு உண்டு. 5 ஏக்கருக்கு மேல் என்பதால் இவன் சிறு விவசாயி கணக்கில் வரமாட்டான். ஆனால் பட்டா அக்கா பெயரில் இருக்கிறது. அக்காவே விண்ணப்பிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வண்டியை வாங்கிவிட்டுப் போய் மானியம் கேட்காதீர்கள். முதலில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் பதிவு. அங்கேயே டிராக்டரும் கருவிகளும் மணிக்கணக்கில் வாடகைக்கும் கொடுக்கிறார்கள். இந்த மழைக்கு ஒரு தடவை வாடகையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதிய மணிக்கணக்கு சரியா என்று பார்த்து, அடுத்த வருடம் வாங்கலாம் என்று முடிவு.

மேலே உள்ள ஒன்றரை ஏக்கர்

கடைசியாக இலவம் நிற்கும் சரிவு. "அதையும் ஒரு உழவு ஓட்டிட்டா களை வராது மாமா" என்றான். எங்கள் தெரு மேஸ்திரியிடம் டியூப் லெவல் வாங்கிக்கொண்டு போய் அளந்தோம். 100 அடி தூரத்துக்கு 30 அடி ஏற்றம். கிட்டத்தட்ட 17 பாகை. நடுநடுவே பாறை.

அந்த வரப்பில் நின்று அவனுக்கு அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். எந்தச் சரிவில் நடந்தது என்று கேட்டான். கை நீட்டிக் காட்டினேன். வெகு தூரம் இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வரப்பு ஓரத்தில் கிடந்த நான்கு கல்லை எடுத்து வரிசையாக அடுக்கினான். "வண்டி இதுவரைக்கும்தான் மாமா" என்றான். அதற்கு மேல் புல்வெட்டும் மெஷினும் ஆளும். இலவங்காய் கனமில்லை. மேலேயிருந்து ஒரு கம்பி கட்டி, சாக்கில் போட்டு இறக்கிவிடலாம் என்று அவனே யோசனை சொன்னான். குரங்கணியில் அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டி இறங்கிய விதம் அதுதான். சரித்திரத்தில் இவனுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன்.

ஆகவே முதல் டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த வாத்தியார் சொல்வது இவ்வளவுதான்: எத்தனை எச்.பி. என்ற கேள்வி கடைசிக் கேள்வி. வண்டி போகக்கூடாத இடம் உன் நிலத்தில் எது என்பது முதல் கேள்வி. அங்கே கல்லை அடுக்கிவிட்டு, கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு கடைக்குப் போ.

ஏற்கெனவே டிராக்டர் வைத்திருக்கும் மாணவர்கள் இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். வண்டியின் பின்னால் போய் நின்று பாருங்கள். மேல்தண்டு பொருத்தும் இடத்தில் சங்கிலித் துண்டோ கயிறோ தொங்கினால் கழற்றி எறியுங்கள். ரோல் பார் கொட்டகையில் கிடந்தால் எடுத்து மாட்டுங்கள். மாட்டிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்: "மாட்டியாச்சு சார்" என்று. வருகைப் பதிவேட்டில் டிக் போடுவது போல ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்